பனி உடைத்த தகடு

தேயிலைக்கு விலையே இல்லாமல் போன அந்த வருஷங்களில், ஒரு தை மாதத்துக் காலையில், நடுவட்டத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற ரோட்டில் நடந்தது இது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறவள். காகிதம் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊட்டுக்காரர் ரோட்டோரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நான் காரமடைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மலைக்கு வந்தவள். எஸ்டேட் நன்றாக நடந்த காலத்தில் பட்டறையில் அவருக்கு உட்கார நேரம் இருக்காது. ஃபேக்டரி கேட், கொழுந்து தள்ளுகிற வண்டி, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாய் என்று எதாவது ஒன்று உடைந்து வாசலில் கிடக்கும். விலை விழுந்ததும் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. அப்புறம் பூட்டியே விட்டார்கள். திறக்காத கேட் எப்படி உடையும்? பட்டறையிலும் நெருப்புப் பொறி பறப்பது நின்றுபோனது.

ஆம்பளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கினார்கள். பொம்பளைகள் மேலே ஏறினோம். ஊட்டிப் பக்கம் கேரட்டும் பூண்டும் போடுகிற காடுகளில் ஆள் தேவைப்பட்டது. காட்டுக்காரர் ஒருவர் தன் டிராக்டரில் நாலு சக்கர டிரெய்லரை மாட்டி, விடிகிற நேரத்துக்கு எங்கள் பட்டறைக்குப் பக்கத்து டீக்கடை முன்னால் அனுப்புவார். கொழுந்து பறித்துப் பழகிய கைகளெல்லாம் அதில் ஏறி, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, மூட்டைகளோடு மூட்டையாகப் போகும். நானும் போனேன். எப்போதும் கடைசியாக ஏறி, பின்பக்க மூலையில், வந்த வழியைப் பார்த்தபடி உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. தேயிலைச் சரிவு மெதுவாகக் கீழே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தூங்குகிறோமா முழித்திருக்கிறோமா என்று எனக்கே தெரியாது.

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டுவதற்கு ஒரு இரும்புப் பட்டை உண்டு. டிரெய்லரின் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு முளையைச் சொருகிவிட்டால் டிராக்டர் இழுக்கும். மொத்த பாரமும் அந்தப் பட்டையில்தான். பழைய பட்டை மெல்லியது. மேடும் பள்ளமுமாக இழுத்து இழுத்து அடிக்கடி வளைந்துவிடும். எங்கள் ஊட்டுக்காரர் அதைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திக் கொடுப்பார்.

ஒருநாள் காட்டுக்காரருக்குச் சலித்துவிட்டது. “ஏனுங்க, எப்பப் பாரு இதே பொழப்பா? நல்லாத் தடிப்பா ஒண்ணு போட்டுக் குடுங்க. ஒரேடியா நிம்மதி.”

எங்கள் ஊட்டுக்காரரிடம் தடிப்பான தகடு ஒன்று இருந்தது. பூட்டிய ஃபேக்டரியில் பழைய என்ஜினுக்கு அடியில் கிடந்தது, இரும்பு விலைக்குப் போட்டபோது வாங்கி வைத்திருந்தார். ரெண்டு விரலைச் சேர்த்து வைத்த மாதிரி தடிமன். அவர் அதை வாசலில் போட்டதும் டிரெய்லருக்குக் காத்திருந்த பொம்பளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தோம். எங்களில் வாய் பெரியவள் ஒரு அக்கா. சிலோனிலிருந்து வந்த குடும்பம், சிலோன் அக்கா என்றே எல்லாரும் கூப்பிடுவோம். அவள் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

“சத்தமே கெட்டியா இருக்குடி. ஆனை இழுத்தாலும் அசையாது. தம்பி, இதையே போடு.”

நானும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து மனசுக்குள் சரி என்றேன். தோசைக்கல் வாங்கினாலும் அண்டா வாங்கினாலும் நாங்கள் அப்படித்தானே வாங்குவோம்? கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது. இரும்புக்கு மட்டும் வேறு கணக்கு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவர் அதை கேஸ் வைத்து அறுத்தார், கேஸிலேயே ஓட்டை போட்டார், டிரெய்லரில் வைத்து அழகாக வெல்டு அடித்தார். அந்த வெல்டு மீன் செதில் அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தது. காட்டுக்காரர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

மழையும் மூடுபனியுமாக இருந்தவரை அந்தப் பட்டை நன்றாகத்தான் இழுத்தது. தை பிறந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, ராத்திரியெல்லாம் நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது. அப்படி வானம் தெளிந்தால் விடிகிறபோது உறைபனி விழும் என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் இருந்த புல் எல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. காலை வைத்தால் நொறுக் நொறுக்கென்று சத்தம். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருந்தது. டிரெய்லரில் ஏறக் கம்பியைப் பிடித்தேன். விரல் ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு உர மூட்டைகளும் இருந்ததால் பாரம் அதிகம். எங்கள் மூச்சே எங்கள் முன்னால் புகையாக நின்றது.

வளைவு தாண்டி ரோடு செங்குத்தாக ஏறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் மலை, தேயிலைச் செடி. இன்னொரு பக்கம் பள்ளம். அதன் அடி தெரியாமல் மேகம் நிரம்பிக் கிடக்கும். டிராக்டர் அங்கே ஒரு நொடி நின்று, கியர் மாற்றி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தது.

டிங்.

அவ்வளவுதான் சத்தம். கண்ணாடி வளையல் கல்லில் பட்ட மாதிரி, கேட்கவே இனிமையாக இருந்தது. டிராக்டர் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து தூரமாகப் போனது. எனக்கு அது தூக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. டிரெய்லர் மெத்தையில் போகிற மாதிரி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஆட்டமில்லை, குலுக்கலில்லை. இத்தனை நாளில் இவ்வளவு சுகமாக ஒருநாளும் போனதில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் தேயிலைச் செடிகளைப் பார்த்தேன். எப்போதும் என்னை விட்டு விலகிக் கீழே போகும் செடிகள் அன்றைக்கு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன.

“அடியே, டிராக்டர் நம்மள விட்டுட்டுப் போகுதுடி!” என்று சிலோன் அக்கா கத்தினாள். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதானே? பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கார் மேலே வந்துகொண்டிருந்தது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பொண்ணு, தலை நிறையப் பூ. அவள் கண் என் கண்ணைப் பார்த்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை. கனவில் நடக்குமே, அப்படி.

கார் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனது. டிரெய்லர் வேகம் பிடித்தது. இந்தப் பக்கம் திரும்பினால் பள்ளம், அந்தப் பக்கம் திரும்பினால் மலை. எங்கள் யார் கையிலும் எதுவுமில்லை. எந்தச் சாமி தள்ளியதோ, பின் சக்கரம் மலைப்பக்கத்து ஓடைக்குள் இறங்கி, மண்மேட்டில் மோதி, தேயிலைச் செடிகளுக்குள் பாதி ஏறி நின்றது. உர மூட்டைகள் எங்கள் மேல் சரிந்தன. செடியில் இருந்த பனியெல்லாம் பொலபொலவென்று எங்கள் தலையில் உதிர்ந்தது.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். முட்டி சிராய்ப்பு, உதட்டில் ரத்தம், ஒருத்திக்குக் கை சுளுக்கு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கீழே இறங்கி எதிர்ப்பக்கம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்த பிறகுதான் எதிலிருந்து தப்பினோம் என்று தெரிந்தது.

டிராக்டர் டிரைவர் மேலேயிருந்து ஓடி வந்தார். காட்டுக்காரர் தன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். எங்கள் பட்டறை பக்கம்தான் என்பதால் எங்கள் ஊட்டுக்காரரும் மஃப்ளரோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். நான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் டிரெய்லரின் மூக்கைப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“வெல்டு விட்டுப்போச்சு. வேறென்ன?” என்றார் காட்டுக்காரர். “உங்கள நம்பித்தானுங்க இத்தனை உசுர ஏத்தி அனுப்பினேன்.”

சிலோன் அக்கா முந்தானையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “பொண்டாட்டியையும் சேத்து ஏத்தி அனுப்பிச்சியே மகராசா! எங்க மேல கோவமா, அவ மேல கோவமா?”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊட்டுக்காரர் ரோட்டை விட்டு எழவில்லை. எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று போகவில்லை. இனி இவர் கையால் ஒரு ஆணிகூட யாரும் அடிக்கக் கொடுக்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. இருக்கிற ஒரு பொழப்பும் போனது. அதைவிட, இவர் இனிமேல் தன் கையைத் தானே நம்ப மாட்டார்.

அப்போது அந்தக் காரிலிருந்து, தலை நிறையப் பூ வைத்திருந்த அந்தப் பொண்ணு இறங்கி வந்தாள். புதுக் கல்யாணம். மஞ்சள் கயிறு இன்னும் பளிச்சென்று இருந்தது. கை ரெண்டிலும் முழங்கைவரை மருதாணி. பின்னாலேயே அவள் புருஷன் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். மைசூர் போய்விட்டுக் கோயமுத்தூருக்குத் திரும்புகிறார்களாம். நேராகப் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் எங்களிடம் வந்து ஒவ்வொருத்தியாகக் கையைக் காலைப் பார்த்தாள். அப்புறம் டிரெய்லரின் மூக்குக்கு முன்னால் பட்டுப் புடவையோடு குந்தி உட்கார்ந்தாள்.

“அண்ணா, இந்த வெல்டு நீங்க அடிச்சதுங்களா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“வெல்டு அப்படியே இருக்குதுங்ணா. ஒரு கீறல் இல்ல. உடைஞ்சது தகடு.”

அவர் மெதுவாக எழுந்து வந்து பார்த்தார். அவள் சொன்னது நிஜம். மீன் செதில் வரிசை கலையாமல் இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, ஓட்டை இருந்த இடத்தில்தான் பட்டை ரெண்டாகியிருந்தது. உடைந்த மறு துண்டை டிரைவர் டிராக்டரிலிருந்து எடுத்து வந்தார். அவள் அதை மருதாணிக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மணி மணியாக மின்னியது. இரும்புக்குள் இவ்வளவு அழகு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“பாருங்க, கொஞ்சம்கூட வளையல. இழுபடல. வளைஞ்சு, நீண்டு, அப்புறம் கிழிஞ்சிருந்தா இந்த இடம் மங்கலா, நார் நாரா இருக்கும். இது கண்ணாடி மாதிரி ஒரே அடியா போயிருக்குது. குளிருக்கு ஆகாத இரும்புங்ணா இது. அதுலயும் இவ்வளவு தடிப்பு.”

எங்கள் ஊட்டுக்காரருக்கு அப்போதுதான் வாய் வந்தது. “தடிப்பா இருக்குறதுனால உடைஞ்சுதா? ஏனுங் அம்மிணி, நான் பொழுதன்னிக்கும் இரும்போட கெடக்கறவன். தடிச்சா பலம்னு தொட்டில்ல கெடக்குற கொழந்தைக்குக்கூடத் தெரியுமே?”

“வெயில் ஊர்ல சரிங்ணா. பனியில அப்படி இல்ல.”

அவள் புருஷன் கைகளை உரசிக்கொண்டே, “அண்ணா, நம்பிடுங்க. விடமாட்டா. இரும்பைக் குளிர வெச்சு உடைச்சுப் பாக்குறதுதான் இவளுக்கு ஆபீஸ்ல வேலையே,” என்றார்.

“உடைக்கிறதுக்குச் சம்பளமா?” என்றாள் சிலோன் அக்கா. “எங்க லயத்துல எத்தனை பேரு இருக்கான், தினமும் சும்மாவே உடைப்பான்.”

“அதான்க்கா எனக்கும் பயம். ஊட்டுல பாத்திரம் மிஞ்சுமான்னு.”

எல்லாரும் சிரித்துவிட்டோம். செத்துப் பிழைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். நிறுத்த முடியாது, நடுவில் அழுகையும் வரும்.

அந்தப் பொண்ணு எங்கள் ஊட்டுக்காரரை விடவில்லை. “நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். அந்தத் தகட்டுல மிச்சம் இருக்குங்களா?” என்று கேட்டாள். இருந்தது. அறுத்து மிஞ்சிய நீளத் துண்டுகள் பட்டறைக்கு வெளியே பனியில் வெளுத்துக் கிடந்தன. எல்லாரும் பட்டறைக்கு இறங்கினோம். அவள் ஒரு துண்டை டீக்கடை அடுப்பு ஓரமாக வைக்கச் சொன்னாள். இன்னொன்றை எடுக்காமல் பனியிலேயே விட்டாள். அடுப்போரத் துண்டு கை பொறுக்கிற சூடு வந்ததும் ரெண்டிலும் ரம்பத்தால் ஒரே மாதிரி ஒரு சின்ன வெட்டுப் போடச் சொன்னாள்.

எங்கள் ஊட்டுக்காரர் முதலில் பனியில் கிடந்ததை வைஸ் பிடிக்குள் வைத்து இறுக்கினார். சம்மட்டியை ஓங்கி ஒரு அடி. டிங் என்று அதே சத்தம். துண்டு பறந்துபோய் சுவரில் பட்டது. எங்களில் ரெண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்து அடுப்போரத்துத் துண்டு. அதே சம்மட்டி, அதே கை. ஓங்கி அடித்தார். மொத்தென்று ஒரு சத்தம். துண்டு வளைந்தது. மறுபடி அடித்தார். இன்னும் வளைந்து, கும்பிடு போடுகிற ஆள் மாதிரி குனிந்து நின்றது. உடையவில்லை.

அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த வளைந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் ஞாபகம் வந்தது. மத்தியானம் ஓடுகிற எண்ணெய், காலையில் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வராது. அதே எண்ணெய்தான், அதே பாட்டில்தான். இரும்புக்கும் அப்படி ஒரு குணம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

“அப்ப தடிப்பு?” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

அவள் பொறுமையாகச் சொன்னாள். இரும்பு பாரம் தாங்கும்போது கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் உடையாது. மெல்லிய தகடு எல்லாப் பக்கமும் கொடுக்கும். தடித்த தகட்டின் நடுப்பகுதி சுற்றிலும் இரும்பால் நெருக்கப்பட்டுக் கிடப்பதால் அதற்குக் கொடுக்க இடமில்லை. அதோடு குளிரும் சேர்ந்தால் அது கண்ணாடியாகிவிடும். கேஸில் போட்ட ஓட்டையின் விளிம்பு பல்லுப் பல்லாக இருந்ததால் விரிசல் அங்கே ஆரம்பித்து, ஒரு வெட்டு இழுப்பில் ஓடி முடிந்துவிட்டது. பழைய பட்டை வளைந்து வளைந்து எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

“அப்படீன்னா தகட்டத் தேர்ந்தெடுத்தது நான்தானுங்களே,” என்றார் அவர்.

அவள் உடனே ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமாங்ணா. ஆனா உங்க கைவேலை தப்பில்ல. தகடு தப்பு. தகட்டை மாத்தலாம்,” என்றாள்.

பிறகு என்ன வாங்க வேண்டும் என்று சொன்னாள். இரும்புக் கடையில் தடிப்பை மட்டும் கேட்கக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற தகட்டிலேயே ஏ, பி, சி என்று ரகம் உண்டு. சி என்பது குளிரில் வைத்து அடித்துப் பார்த்துத் தேறினது. அதைக் கேட்க வேண்டும். தடிப்பான ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக ரெண்டு பட்டை, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும். ஓட்டையை கேஸில் போடாமல் டிரில்லில் போட்டு, விளிம்பை மழுங்கத் தேய்க்க வேண்டும். “எல்லாத்துக்கும் மேல ஒரு சங்கிலிங்ணா. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல. நான் சொன்னதெல்லாம் தப்பாப் போனாலும் சங்கிலி பிடிக்கும்.”

காட்டுக்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நானும் ஒரு வார்த்தை அவசரப்பட்டுட்டேன்,” என்று எங்கள் ஊட்டுக்காரரிடம் சொன்னார். அவர் கண் அப்போதுதான் நிமிர்ந்தது.

நான் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மருதாணி மேல் இரும்புத் துரு படிந்திருந்தது. பேரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. கார் ஏறும்போது என் பக்கம் திரும்பி, “நீங்கதானுங்களே பின்னாடி உட்கார்ந்திருந்தது? உங்க கண்ணைப் பாத்துதான் நான் அவர ரிவர்ஸ் எடுங்கன்னு கத்துனேன்,” என்றாள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. கார் கொஞ்ச தூரத்திலேயே அதற்குள் கரைந்துவிட்டது. இப்போது நினைத்தால், பூ வைத்துக்கொண்டு ஒரு தேவதை வந்து இரும்பு உடைத்துக் காட்டிவிட்டுப் போனதாகக் கனவு கண்டேனோ என்றுகூடத் தோன்றும். வளைந்த அந்தத் துண்டு மட்டும் கனவில்லை என்று பட்டறையில் ரொம்ப நாள் கிடந்தது.

எங்கள் ஊட்டுக்காரர் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். முதல் கடையில் சிரித்தார்களாம். “டிரெய்லர் கொக்கிக்கு சி ரகமா? ஆகாசத்துக்கு அனுப்பப் போறீங்களா?” அடுத்த கடையில், அதெல்லாம் துண்டாகத் தர மாட்டோம், லாரி லோடாக வாங்குங்கள் என்றார்களாம். பெரிய பெரிய தொட்டி செய்கிற ஒரு இடத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருந்திருக்கின்றன. முத்திரை குத்தின துண்டாகப் பார்த்து எடுத்து, சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் சாப்பிடவில்லை. அதில் ஒரு ஓரத்தை அறுத்துப் பனியில் போட்டார். விடிந்ததும் எழுந்து போய் அடித்துப் பார்த்தார். நான் போர்வைக்குள்ளிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மொத்தென்று சத்தம் வந்தது. எத்தனையோ சாமி பாட்டு கேட்டிருக்கிறேன், அந்தச் சத்தம் மாதிரி எதுவும் என் காதுக்குள் இறங்கினதில்லை.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. டிரெய்லர் தயாராகி வந்து நின்ற அன்றைக்கும் உறைபனி. புதுப் பட்டைகள் ரெண்டும் ஒல்லியாக இருந்தன. சங்கிலி தொங்கியது. பொம்பளைகள் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் ஏறவில்லை.

“இந்தத் தகரத்த நம்பியா?” என்றாள் ஒருத்தி.

“அந்தத் தடியனே விட்டுட்டான். இது ரெண்டும் நோஞ்சான்,” என்றாள் சிலோன் அக்கா. “தம்பி, தப்பா நெனைக்காத. உன் வேலையில குத்தமில்ல. காலு ஏற மாட்டேங்குது.”

அவர் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லப் பார்த்தார். இழுபடுவது, கொடுப்பது என்று அந்தப் பொண்ணு சொன்னதை அவர் வாயால் சொன்னால் குழம்பியது. அவர் முகம் மறுபடி ரோட்டில் உட்கார்ந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆவதைப் பார்த்தேன்.

நான் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வழி விடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, அவர்களாக விலகினார்கள். கம்பியைப் பிடித்து ஏறினேன். எல்லாருடைய கண்ணும் என் மேல் இருந்தது. காதெல்லாம் சுட்டது. பின் மூலைக்குப் போகாமல், அந்தப் பட்டைகளுக்கு நேர் மேலே, முன்னால் போய் உட்கார்ந்தேன். டிரைவரைப் பார்த்து, “போலாங்க,” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

டிராக்டர் கிளம்பியது. காலி டிரெய்லரில் நான் ஒருத்தி. ஏற்றம் வந்தது. அதே இடத்தில் டிராக்டர் நின்று, கியர் மாற்றி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. நான் கண்ணை மூடவில்லை. கீழே பட்டைகள் ரெண்டும் ஒருமுறை முனகின. அப்புறம் இழுத்தன. பள்ளத்தில் நிறைந்திருந்த மேகத்தின் மேல் வெயில் விழுந்து அது பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. தேயிலை இலை ஒவ்வொன்றிலும் பனி உருகி மின்னியது. விலை இல்லாத தேயிலை, பறிக்க ஆளில்லாத தேயிலை, ஆனாலும் அன்றைக்கு அத்தனை வெளிச்சமாக இருந்தது. உலகத்தில் நானும் அந்த முனகலும் மட்டும் இருக்கிற மாதிரி ஏறிப்போனேன். மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தபோது எல்லாரும் ரோட்டிலேயே நின்றிருந்தார்கள்.

“மகாராணி தேருல போயிட்டு வந்துட்டா. ஏறுங்கடி,” என்றாள் சிலோன் அக்கா. முதலில் அவள்தான் ஏறினாள். ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போர்வையில் பாதியை என் மேல் போட்டாள். கீழே நின்ற எங்கள் ஊட்டுக்காரர் சங்கிலியைச் சரி பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அவர் கண்ணைத் துடைத்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு காட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் டிரெய்லரைக் கொண்டுவந்தார்கள். பட்டறையில் மறுபடி பொறி பறந்தது. தேயிலை விலை எப்போதோ ஏறியது, எப்போதோ இறங்கியது. அவரும் இப்போது இல்லை. அந்தப் பொண்ணுக்கு நான் கடைசிவரை நன்றிகூடச் சொல்லவில்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையிலோ பஸ்ஸிலோ யாரையாவது எல்லாரும் சேர்ந்து குற்றம் சொல்லும்போது, கல்யாணப் பூ வாடுவதற்குள் ஒரு முன்பின் தெரியாத ஆளுக்காக வண்டியை நிறுத்தி இறங்கினாளே என்று நினைத்துக்கொண்டு, “கொஞ்சம் இருங்க, என்னன்னு பாத்துட்டுப் பேசலாம்,” என்று நடுங்குகிற குரலில் நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.